‘முடியாது’ என்று சொல்ல ஐந்து மதிப்பெண்

இந்தக் கட்டுரையை எழுத முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். நான் வேலை பார்த்த கல்லூரியில் எனக்குப் பின் வந்த ஆசிரியர் ஒருவர், நல்ல பிள்ளை, போன் செய்தார். “சார், வாழ்வியல் திறன் பாடத்த இந்த வருஷத்துலேர்ந்து மொபைல் ஆப்புல நடத்தப் போறாங்க. வகுப்பே கெடையாது. நீங்க ஆரம்பிச்ச பாடம், ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதிக் குடுங்க” என்றார். மறுப்பது எப்படி என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற நான் “சரிப்பா” என்றேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளுக்கு இது பழக்கம்.

அந்த ஆப்பை எனக்கும் அனுப்பியிருந்தார். திறந்து பார்த்தேன். ஒரு பொம்மைப் பையன் வந்து, “பைக்கில் மூன்று பேர் போகலாமா நண்பா?” என்று கேட்கிறான். கீழே பச்சையில் ஒரு பட்டன், சிவப்பில் ஒரு பட்டன். சிவப்பை அழுத்தினால் கைதட்டல் கேட்கிறது. ‘வாழ்த்துகள், உங்களுக்கு மறுக்கும் திறன் உள்ளது’ என்று எழுத்து வருகிறது. இவ்வளவு சுலபமென்று தெரிந்திருந்தால் நான் ஏன் அத்தனை வருஷம் தொண்டை வறளக் கத்தப்போகிறேன்?

நான் சிதம்பரத்தில் எம்.ஏ. தத்துவம் படித்தவன். ஆர்வத்தால் அல்ல, வரலாற்றில் இடம் நிரம்பிவிட்டது. எதிரே இருக்கும் நாற்காலி உண்மையில் இருக்கிறதா, இருப்பதாக நமக்குத் தோன்றுகிறதா என்று இரண்டு வருஷம் விவாதித்தோம். பிறகு கடலூரில் ஓர் உதவிபெறும் கல்லூரியில் வேலை கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பது சிதம்பர ரகசியமாகவே இருக்கட்டும். போய்ச் சேர்ந்த அன்று துறை அறையில் நான் உட்கார நாற்காலி இல்லை. அதில் தத்துவச் சந்தேகம் எதுவும் கிடையாது. முந்தின வாரம்தான் வணிகவியல்காரர்கள் தூக்கிப் போயிருந்தார்கள்.

சில வருஷத்தில் நாற்காலி வந்துவிட்டது, மாணவர்கள் போய்விட்டார்கள். கடைசியாகச் சேர்ந்த பையன், டிப்ளமோவில் சீட்டு கிடைத்ததும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓடினான். ஆளில்லாத துறையை என்ன செய்வது என்று நிர்வாகம் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில் மேலிடத்திலிருந்து ஒரு புதுப் பாடம் வந்திறங்கியது. வாழ்வியல் திறன். எல்லாத் துறைப் பிள்ளைகளும் கட்டாயம் படிக்க வேண்டும். யார் நடத்துவது? உடற்கல்வி ஆசிரியர் மைதானத்தைக் காட்டித் தப்பித்தார். நூலகர் காது சரியாகக் கேட்கவில்லை என்றார். மிச்சம் நான்தான். இருப்பும் இன்மையும் பேசிக்கொண்டிருந்தவன் மறுநாளிலிருந்து கோபத்தை அடக்குவது எப்படி, நேரத்தை மிச்சம் பிடிப்பது எப்படி, பெரியவர்களிடம் பேசுவது எப்படி என்று பேச ஆரம்பித்தேன். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, நேர மேலாண்மை வகுப்புக்குத் தாமதமாக நுழைவேன். பிள்ளைகள் பெருந்தன்மையோடு எழுந்து நிற்பார்கள்.

அந்தப் பாடத்தில் உருப்படியான பகுதி என்று நான் நினைத்தது ஒன்றுதான்: மறுக்கும் திறன். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது வராது. மாமா கேட்டால் சரி, வாத்தியார் கேட்டால் சரி, தெருவில் வசூலுக்கு வருகிறவன் கேட்டால் அதற்கும் சரி. அப்புறம் வீட்டுக்குப் போய்ப் புலம்பல். அதனால் நான்கு படிகளாகப் பிரித்துக் கரும்பலகையில் எழுதினேன். முதல் படி, எதிராளி கேட்பதை முழுக்கக் காதில் வாங்கு. இரண்டாவது, அவருடைய கஷ்டம் புரிகிறது என்று சொல். மூன்றாவது, முடியாது என்பதைக் காரணத்தோடு ஒரே வாக்கியத்தில் சொல். நான்காவது, அவர் திரும்பக் கேட்டால் அதே வாக்கியத்தை அதே குரலில் திரும்பச் சொல். புதுக் காரணம் தேடாதே. புதுக் காரணம் தேடுகிறவன் தோற்றான். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு ‘முடியாது சார்’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

செய்முறைத் தேர்வு என்று ஒன்று உண்டு. அதில் மறுப்புக்கு ஐந்து மதிப்பெண். ஒரு பையன் சாக்பீஸை நீட்டி, “சிகரெட் பிடிக்கிறாயா நண்பா?” என்பான். இன்னொருவன், “வேண்டாம் நண்பா, அது உடல்நலத்துக்குக் கேடு” என்பான். இப்படி ஏட்டுத் தமிழில் பேசிக்கொள்ளும் இரண்டு பேரைக் கடலூரில் நான் எங்கேயும் பார்த்ததில்லை. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் தலையாட்டுவார், மதிப்பெண் போடுவார், இடம் தேதி நேரமெல்லாம் பதிவாகும்படி போட்டோ எடுத்துக்கொள்வோம், பிரியாணி சாப்பிடுவோம். நண்பா என்றவன் வெளியே போய் நிஜ சிகரெட்டைப் பற்றவைப்பான்.

இப்போது எங்கள் கல்லூரி முதல்வரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கமான மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏனென்றால் அவர் யாரையும் வாயால் மறுத்ததே இல்லை. யாருக்கும் எதுவும் கிடைத்ததும் இல்லை. எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றுவார், துண்டால் துடைப்பார், மேஜையிலிருக்கும் பேப்பர்வெயிட்டை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றுவார், கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு “பாக்கலாம்” என்பார். கேட்டவர் கும்பிட்டுவிட்டு வெளியே வருவார். வந்து பத்தடி நடந்த பிறகுதான் கைவசம் எதுவும் இல்லை என்பது உறைக்கும். ஒரு பதவி உயர்வுக்காக நான் அவரிடம் போய் நின்ற காலத்தில் அந்தப் பேப்பர்வெயிட்டுக்குள் இருந்த பூவின் இதழ்களைக்கூட மனப்பாடம் செய்துவிட்டேன். அவர் இல்லை என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பாக்கலாம் என்பவரோடு எப்படிச் சண்டை போடுவது?

ஒரு வருஷம் கல்லூரிக்கு மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. சுவரெல்லாம் வெள்ளையடித்தார்கள். வாடகைக்குப் பூந்தொட்டி வந்தது. வழக்கம்போல, வாசலில் பட்டுப்புடவை கட்டி, சந்தனக் கிண்ணமும் கற்கண்டும் பன்னீர்ச் செம்பும் ஏந்தி நிற்க மாணவிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தத் தேர்வுக்கு விண்ணப்பம் கிடையாது. துறைத் தலைவர்கள் வகுப்பு வகுப்பாகப் போய் உயரம், நிறம், முடி என்று மாட்டுச் சந்தையில் பார்ப்பதைப்போலப் பார்த்து, நீ வா, நீ வா என்று கூட்டிப் போவார்கள். படிப்பில் முதலிடம் பிடித்த பெண்ணுக்கும் கையில் தட்டுதான். விழா என்றால், வருகிறவர் பேசப்போகும் தலைப்பு பெரும்பாலும் பெண் முன்னேற்றமாக இருக்கும்.

வேதியியல் கடைசி வருஷத்தில் மகேஸ்வரி என்று ஒரு பெண். கடற்கரைக் கிராமத்துக்காரி, முதுநகர் மார்க்கெட்டில் அவளுடைய அம்மா மீன் விற்கிறார். நல்ல உயரம். அவளைத் தட்டுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். குழு வரும் அதே நாளில் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி, ஆய்வகத்துக்கு ஆளெடுக்கத் தேர்வு வைத்திருந்தது. மகேஸ்வரி துறைத் தலைவரிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் முதல்வரைக் கைகாட்டினார். அவள் முதல்வரின் அறைக்குப் போய் நான்கு படிகளையும் வரிசை தப்பாமல் செய்திருக்கிறாள். குழு வருவது கல்லூரிக்கு முக்கியம் என்பது தனக்குப் புரிகிறது என்றாளாம். அன்று தனக்கு வேலைக்கான தேர்வு இருப்பதால் நிற்க முடியாது என்றாளாம். அவர் பட்டுப்புடவை கல்லூரியே தரும் என்றபோதும் அதே வாக்கியம். அரை நாள் நின்றால் போதும் என்றபோதும் அதே வாக்கியம். கடைசியில் அவர் கண்ணாடியைத் துடைத்து, “பாக்கலாம்மா” என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். அந்த நாளில் சிப்காட்டுக்குப் போய்த் தேர்வு எழுதினாள். வேலையும் கிடைத்தது. பட்டப் படிப்பில் தேறினால் சேர்ந்துகொள்ளலாம் என்று கடிதம் கொடுத்தார்கள்.

பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கொடுத்தபோது அவளுக்கு மட்டும் வரவில்லை. ஏன் என்று ஆபீஸில் கேட்டால், முதல்வர் கையெழுத்து ஆகவில்லை என்றார்கள். முதல்வரைக் கேட்டால் பாக்கலாம் என்றார். மறுநாளும் பாக்கலாம். பரீட்சை எழுதாவிட்டால் பட்டம் இல்லை, பட்டம் இல்லாவிட்டால் வேலை இல்லை. இன்னொரு வருஷத்துக்கு அந்தக் கம்பெனி அவளுக்காக நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்காது.

அவளுடைய அம்மா என்னைத் தேடி வந்தார். வியாபாரத்தைப் பாதியில் விட்டு வந்த கோபம் முகத்தில் இருந்தது.

“என் பொண்ணுக்கு வாய் குடுத்தது நீங்கதானா?”

ஆமாம் என்றேன்.

“நான் மார்க்கெட்டுல வாயாடிப் பொழைக்கிறேன் சார், அது தொழிலு. அவ வாயாடாம பொழைக்கணும்னுதான காலேஜிக்கு அனுப்பனேன்? மன்னிப்பு கேக்கறதுக்கு உங்க பொஸ்தகத்துல பாடம் இருக்குதா?”

“இருக்குதும்மா. ஆறாவது பாடம்.”

“அத மொதல்ல நடத்தியிருக்கலாமில்ல?”

பின்னாலிருந்த மகேஸ்வரி, தான் தப்பு எதுவும் பண்ணவில்லை, அதனால் மன்னிப்பு கேட்க முடியாது என்றாள். அம்மா திட்டினார். அவள் அதே வாக்கியத்தை அதே குரலில் திரும்பச் சொன்னாள். என் வாழ்நாளில் ஒரு மாணவி என் பாடத்தை இவ்வளவு சுத்தமாகப் படித்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாக இல்லை, பயமாக இருந்தது. நான் கரும்பலகையில் எழுதிய நாலு வரியால் ஒரு பெண்ணின் பிழைப்பு கெட்டுவிடுமோ என்ற பயம்.

அவளுக்காகப் பேச நானும் முதல்வரிடம் போனேன். பேப்பர்வெயிட் வலமிருந்து இடம் போனது. பாக்கலாம். வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் யோசிக்கக் கூடாது என்பது இரண்டாவது பாடம். யோசித்தேன்.

எங்கள் பாடத்திட்டத்தில் செய்முறைத் தேர்வு பற்றி ஒரு வரி உண்டு. திறன்களை இயன்றவரை உண்மையான சூழலில் செய்து காட்ட வேண்டும் என்று. அதை எழுதியவரே மறந்திருப்பார். அடுத்த வாரம் வேதியியல் பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு. மறுபடி முதல்வரிடம் போனேன். “ஐயா, பசங்க ஒரு அதிகாரியப் பாத்துப் பேசி, தெளிவா பதில் வாங்கிட்டு வரணும். அதான் இந்த வருஷத் தேர்வு. வெளியாள்கிட்ட அனுப்பறதவிட உங்க ரூம்லயே, உங்க முன்னாடியே வச்சிக்கலாமா?” என்று கேட்டேன். அவருக்கு முகம் மலர்ந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு “பாக்கலாம்” என்றார். நான், “ரொம்ப நன்றிங்கய்யா” என்று சொல்லி, அவர் வாயைத் திறப்பதற்குள் வெளியே வந்து, அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டேன். அவர் வாழ்க்கையில் எத்தனையோ பாக்கலாம் சொல்லியிருப்பார். சரி என்று எடுத்துக்கொள்ளப்பட்டது அது ஒன்றுதான்.

தேர்வாளராக வந்தவர் மனையியல் பேராசிரியை. ஒல்லியான அம்மாள், சிரிப்பைக் கன்னத்துக்குள் அடக்கிவைத்துப் பேசுகிறவர். எல்லாம் விதிப்படி நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மதிப்பெண் தாளோடு முதல்வருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். என்ன கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு நிஜமாகவே பதில் வேண்டிய ஒன்றைக் கேளுங்கள் என்றதோடு சரி.

முதல் பையன் கழிவறைக்குத் தண்ணீர் வருமா என்று கேட்டான். பாக்கலாம்ப்பா என்றார். பாக்கலாம் என்றது புரிகிறது, வருமா வராதா என்று தெரிந்தால் நல்லது என்றான். முதல்வர் தேர்வாளரைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்த அம்மாள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தார். மோட்டார் ரிப்பேர், திங்கட்கிழமைக்குள் சரியாகும் என்றார் முதல்வர். ஐந்துக்கு ஐந்து விழுந்தது. வராந்தாவில் விஷயம் பரவியது. கொஞ்சம் முயன்றால் இந்த மனிதரிடமிருந்து பதில் வரும் என்பது அந்தக் கல்லூரியில் புதுச் செய்தி.

இரண்டாவதாக வந்த பெண், “மகேஸ்வரிக்கு ஹால் டிக்கெட் உண்டாங்கய்யா?” என்று கேட்டாள். மூன்றாவது பையனும் அதையே கேட்டான். நான்காவதாக வந்தவனும் அதே. ஒவ்வொருவரும் இரண்டாவது படியில், முதல்வருக்கு எவ்வளவு வேலைப் பளு என்பது தங்களுக்குப் புரிகிறது என்று உருக்கமாகச் சொன்னார்கள். பாக்கலாம் என்ற பதிலுக்கு அந்த அம்மாள் மதிப்பெண் போட மறுத்தார். பதில் வரவில்லையே, நான் எப்படிப் போடுவது என்று முதல்வரையே கேட்டார். முதல்வர் டீ வரவழைத்தார். முடியட்டும் சார், சாப்பிடலாம் என்றார் அம்மாள். பேப்பர்வெயிட் அந்த மேஜையில் அன்று நடந்த தூரத்துக்குப் பஸ் டிக்கெட் போட்டிருக்கலாம்.

அடுத்து மகேஸ்வரியே வந்தாள். கும்பிட்டாள். அவள் ஹால் டிக்கெட் கேட்கவில்லை.

“ஐயா, எனக்குப் பரீட்ச கெடையாதுன்னு சொல்லிடுங்க. கம்பெனியில போயி வேலை வேணாம்னு சொல்லணும். அம்மா கூட மார்க்கெட்டுக்குப் போவணும். பாக்கலாம்னா அதெல்லாம் பண்ண முடியல. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்.”

முதல்வர் வாயைத் திறந்தார். மூடினார். கண்ணாடியைத் துடைக்கப் போன கை பாதியில் நின்றது. அவர் அவளைப் பழிவாங்கிக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் நேருக்கு நேர் ஒரு முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை. நாக்கு வரவில்லை. பாவம், நெற்றியில் வேர்த்துவிட்டது. கடைசியில் மணியை அழுத்தினார். ஆபீஸ்காரர் ஓடி வந்தார்.

“அந்தப் பொண்ணு ஹால் டிக்கெட்ட எடுத்தாப்பா.”

கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டும்போது, அன்றைக்கே சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேனே என்று வேறு சொன்னார். மகேஸ்வரி வாங்கிக்கொண்டு வெளியே போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதாள். அது எந்தப் பாடத்திலும் இல்லை. நானும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன், முதல்வரைப்போல.

தேர்வாளர் அம்மாள் எல்லோருக்கும் மதிப்பெண் போட்டு முடித்து, தாளை என்னிடம் தரும்போது காதோரம் சொன்னார்: “மறுக்கற திறன்ல ஒருத்தர் மட்டும் ஃபெயில் சார். அவருக்கு ரோல் நம்பர் இல்ல.”

எனக்குத் தண்டனை வராமலில்லை. அடுத்த கல்வியாண்டிலிருந்து வரவேற்புக் குழுவுக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். சந்தனம், கற்கண்டு, பன்னீர், ஓய்வுபெறும் வரை என் தலையில் என்றார்கள். முடியாது என்று சொல்லியிருக்கலாம், சரி என்றேன். முதல் விழாவில் பன்னீர்ச் செம்பை என்.சி.சி. பையன்களிடம் கொடுத்தேன். அவர்கள் கட்டளைக்குக் கட்டுப்பட்டவர்கள். தெளி என்றதும் ஒரே நேரத்தில் தெளித்ததில் சிறப்பு விருந்தினர் சட்டையைப் பிழிந்துகொண்டு மேடையேறினார். அதன் பிறகு வாசலில் தட்டு ஏந்தும் வழக்கத்தையே நிறுத்திவிட்டார்கள். கல்விக்கு நான் செய்த தொண்டு என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் மலருக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் எனக்கு ஒரு மச்சான் இருக்கிறார், என் மனைவியின் தம்பி. அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரித் தோப்பு. வருஷா வருஷம் பலாப்பழத்தோடு வருவார், ஒரு கோரிக்கையோடும் வருவார். அவர் கேட்ட எதற்கும் இதுவரை நான் இல்லை என்றதில்லை. அவர் பையன் பி.காம்., இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறான். மகேஸ்வரி இப்போது அதே கம்பெனியில் ஆய்வகத்துக்குப் பொறுப்பாளர் என்று எங்கேயோ கேள்விப்பட்டு வந்துவிட்டார். “உங்க ஸ்டூடண்டுதான மாமா, ஒரு வார்த்த சொன்னா எடுத்துக்குவாங்க” என்றார். போன வாரம் சிப்காட்டுக்குப் போனேன்.

வாசல்வரை வந்து அழைத்துப் போனாள். தலைக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி, குரலில் நிதானம். நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. இது முதல் படி.

“சொந்தக்காரப் பையனுக்காக இந்த வெயில்ல நீங்களே வந்திருக்கீங்க, எனக்குப் புரியுது சார். கெமிஸ்ட்ரி படிக்காதவங்கள லேப்ல எடுக்க முடியாது சார்.”

வேறு பிரிவில் ஏதாவது பார்க்கலாமே, கொஞ்ச நாளில் கற்றுக்கொள்வான், நல்ல பையன் என்று நான் இழுத்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் மரியாதை இருந்தது, கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

“கெமிஸ்ட்ரி படிக்காதவங்கள லேப்ல எடுக்க முடியாது சார். டீ சாப்பிடுங்க.”

அதே வாக்கியம், அதே குரல். டீ நன்றாக இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. இவளுக்காக நான் முதல்வரோடு மல்லுக்கு நின்றவன், பன்னீர்ச் செம்பு சுமந்தவன் என்று வரும் வழியெல்லாம் பொருமினேன். சிதம்பரம் வந்து இறங்கும்போதுதான் அந்தக் கோபத்தோடு கூடவே ஒரு சந்தோஷமும் வந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. என் பாடம் ஓர் ஆளிடமாவது முழுசாகத் தங்கியிருக்கிறது. ஐந்துக்கு ஐந்து.

வீட்டில் மச்சான் காத்திருந்தார். கூடத்தில் சாக்கின் மேல் பலாப்பழம். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, கத்தியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். “என்னா மாமா, பாத்தீங்களா? சொல்லிட்டீங்களா? இன்னா சொன்னாங்க?” என்று அடுக்கினார். முழுக்கக் காதில் வாங்கினேன். பையனைப் பற்றிய உன் கவலை எனக்குப் புரிகிறது மச்சான் என்றேன். இரண்டு படிகளும் சுத்தமாக வந்தன. மூன்றாவது படிக்கான வாக்கியத்தைப் பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். அவர் கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

கண்ணாடியைக் கழற்றினேன். துண்டால் துடைத்தேன். போட்டுக்கொண்டேன்.

“பாக்கலாம் மச்சான்” என்றேன்.

அவர் சந்தோஷமாகப் பழத்தைப் பிளக்க ஆரம்பித்தார். உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் கேட்டது: “அஞ்சுக்கு எத்தனைங்க?”